கலங்கரை விளக்கத்துக்கு இன்னும் நூற்றெண்பது கிலோமீட்டர்

மருத்துவமனை, இரண்டாவது மாடி
செவ்வாய்க்கிழமை காலை

அன்புள்ள உங்களுக்கு,

நலமா என்று நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். உயிருக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. நேராக உட்கார்ந்து, என் கையால்தான் இதை எழுதுகிறேன். அதனால் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.

என் தாடை உடைந்திருக்கிறது. இடது பக்கம், இரண்டு இடத்தில். மேல் பல்வரிசையையும் கீழ்ப் பல்வரிசையையும் கம்பி போட்டுச் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். ஆறு வாரத்துக்கு வாயைத் திறக்க முடியாது. உங்களிடம் ஆறு நிமிடம் நான் பேசாமல் இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. பார்க்க வந்த உங்கள் தம்பி, "அண்ணனுக்கு நல்ல காலம் பொறந்துடுச்சு அண்ணி" என்று என்னைச் சிரிக்க வைக்கப் பார்த்தார். சிரித்தால் காது வரைக்கும் வலி பாய்கிறது. தலைமாட்டில் ஒரு சின்னக் கம்பிவெட்டியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வாந்தி வந்தால் மூச்சு அடைக்காமல் இருக்க உடனே கம்பியை வெட்ட வேண்டுமாம். சாப்பாடு எல்லாம் உறிஞ்சுகுழல் வழியாகத்தான்.

என் ஃபோன் நொறுங்கிவிட்டது. நொறுங்கினது போலீசிடம் இருக்கிறது. அது கையில் இருந்தாலும் பேச முடியாது. அதனால்தான் கடிதம். உங்கள் கம்பெனி அலுவலகத்தில் கொடுத்தால் அடுத்த துறைமுகத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும் என்றார்கள்.

இப்போது திட்டு வாங்க வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாள் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா? போகவில்லை. மகளை மட்டும் அங்கே விட்டுவிட்டு, நீங்கள் துணி போட்டு மூடி வைக்கச் சொன்ன உங்கள் பைக்கை எடுத்துக்கொண்டு நீண்ட பயணம் கிளம்பினேன். தனியாக இல்லை. டிரைவிங் ஸ்கூல் டீச்சரும் குண்டூசியும் கூட வந்தார்கள். டீச்சரை உங்களுக்குத் தெரியும். எனக்கு வண்டி கற்றுக்கொடுத்தவர், ஐம்பது வயது, சிக்னலில் தப்பாக நிற்கிறவனை இறங்கிப் போய்த் திட்டுகிறவர். குண்டூசி, நான் வேலை பார்க்கிற லேபுக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறாளே, அந்த ஒல்லிப் பெண். மூன்று பேரும் ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டிப் பழகியிருந்தோம். போய்வர ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர். கடற்கரை ஓரமாகப் போய், கோடியில் இருக்கும் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். அந்த இடத்தைச் சொன்னது நான்தான். நீங்கள் கடலிலிருந்து பார்க்கிற விளக்கை ஒரு முறை தரையிலிருந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. சொல்லியிருந்தால் விட்டிருப்பீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் போல ஒரு நாள் என் வாழ்க்கையில் வந்ததில்லை. டீச்சர் முன்னால், நடுவில் குண்டூசி, கடைசியில் நான். பள்ளம் வந்தால் டீச்சர் இடது காலை நீட்டிக் காட்டுவார். அதைப் பார்த்துக் குண்டூசி நீட்டுவாள், அவளைப் பார்த்து நான் நீட்டுவேன், எனக்குப் பின்னால் யாருமே இல்லாவிட்டாலும். ஹெல்மெட்டுக்குள் சத்தமாகப் பாடிக்கொண்டே போனேன்.

இரண்டாம் நாள் பதினொரு மணி வாக்கில் பெட்ரோல் பங்கை ஒட்டின டீக்கடையில் நிறுத்தினோம். மூன்று வண்டியையும் சேர்த்து, நீங்கள் வாங்கிக் கொடுத்த கனமான சங்கிலிப் பூட்டைப் போட்டேன். அங்கே ஒரு வெள்ளைப் பிக்கப் வண்டி நின்றது. அதில் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் தாடி வைத்த டிரைவர், நாற்பது இருக்கும். இன்னொருவன் சிவப்புச் சட்டை, இருபத்தைந்து இருக்கும். சிவப்புச் சட்டை நேராக வந்து குண்டூசியின் வண்டிமேல் ஏறி உட்கார்ந்து ஃபோனில் படம் எடுத்துக்கொண்டான். இறங்கு என்றாள். "பொம்பளைக்கு எதுக்கு இவ்ளோ பெரிய வண்டி, ஒரு ரவுண்டு அடிச்சிட்டு தரேன், சாவியக் குடு" என்றான். குண்டூசியைத்தான் உங்களுக்குத் தெரியுமே. கையில் இருந்த கிளாஸ் டீயை அப்படியே அவன் மடியில் கவிழ்த்துவிட்டாள். அவன் துள்ளிக் குதித்தான். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் முகம் எப்படி மாறியது என்பதை டீச்சர் மட்டும்தான் கவனித்தார். "கெளம்புங்க, உடனே" என்றார். அவசரத்தில் சங்கிலியைப் பைக்குள் வைக்காமல் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

இருபது நிமிடம் ஆகியிருக்கும், கலங்கரை விளக்கத்துக்கு இன்னும் நூற்றெண்பது கிலோமீட்டர். இரண்டு பக்கமும் உப்பளம், ஆள் நடமாட்டமே இல்லை. கண்ணாடியில் அந்த வெள்ளை வண்டி பெரிதாகிக்கொண்டே வந்தது. என்னை உரசிக்கொண்டு தாண்டியதில் என் வலது கண்ணாடி பறந்தது. பிறகு குண்டூசிக்குப் பக்கத்தில் போய் வேகத்தைக் குறைத்து, ஈயை விரட்டுவது போல அவளை ஒரு தட்டுத் தட்டியது.

அந்தச் சத்தத்தை எழுதத் தெரியவில்லை. வண்டி தீப்பொறி பறக்கச் சறுக்கிக்கொண்டே போய்ச் சின்னப் பாலத்தின் சுவரில் மோதி நின்றது. அவள் அதற்கு அடியில் இருந்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே, இருக்கக் கூடாத திசையில் இருந்தது. நான் வண்டியைப் போட்டுவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். அதற்குள் பிக்கப் பின்னோக்கி வந்து நின்று, இரண்டு பேரும் இறங்கினார்கள்.

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். ஆமாம், கும்பிட்டேன். அவளுக்கு அடிபட்டிருக்கிறது, விட்டுவிடுங்கள், போய்விடுங்கள் என்றேன். டிரைவர் என்னைத் தள்ளிவிட்டுக் குண்டூசியின் இடுப்பில் உதைத்தான். வண்டிக்கு அடியில் அகப்பட்டிருக்கிறவளை. இரண்டு முறை. "இப்ப ஊத்துடி டீய" என்றான். டீச்சர் முன்னால் போனவர் திரும்பி வந்து, வந்த வேகத்தில் இறங்கி அவன் முதுகில் தொற்றிக்கொண்டு காதைக் கடித்தார். நம் டீச்சர்! அவன் அவரைப் பிக்கப்பின் கதவில் அப்படியே மோதினான். அவருக்குத் தோளில் காறை எலும்பு முறிந்தது. நான் அவரைப் பார்க்கத் திரும்பியபோது, சிவப்புச் சட்டை கீழே கிடந்த என் ஹெல்மெட்டை எடுத்து இரண்டு கையாலும் என் முகத்தில் ஓங்கி அடித்தான்.

வலி வரவில்லை. வாய்க்குள் ஏதோ கல் மாதிரி உருண்டது. துப்பினேன், பல். மறுபடியும் ஓங்கினான். நான் தோளில் கிடந்த சங்கிலியை உருவி அவன் காலைப் பார்த்து வீசினேன். முட்டியில் பட்டது. விழுந்தான். எழுந்து மறுபடி என்மேல் பாய வந்தான். தலையைப் பார்த்து இன்னொரு முறை அடித்தேன். அத்தோடு கிடந்துவிட்டான். அதைப் பார்த்த டிரைவர் வண்டியில் ஏறி ஓடிவிட்டான். கொஞ்ச நேரத்தில் ரொட்டிக் கம்பெனி வேன் ஒன்று வந்தது. அந்த டிரைவர் புண்ணியவான், நான்கு பேரையும் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் கிடத்திக்கொண்டுவந்து இங்கே சேர்த்தார்.

இதுதான் நடந்தது. போலீசுக்கும் இப்படியே எழுதிக் கொடுத்தோம். டீச்சரின் சொந்தக்கார வக்கீல் எழுதிக்கொண்டு வந்தார், மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். தற்காப்பு, கவலையே வேண்டாம் என்கிறார்.

குண்டூசியின் காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். நடப்பாள், ஆனால் தையல் மெஷின் மிதிப்பாளா என்று தெரியாது. மகளுக்குத் தேர்வு வியாழக்கிழமை ஆரம்பம், அக்கா பார்த்துக்கொள்கிறாள். வீட்டு மோட்டார் மறுபடி சத்தம் போடுகிறது. உங்கள் வண்டிக்குக் கண்ணாடியும் இடது கைப்பிடியும் போய்விட்டன, எஞ்சினுக்கு ஒன்றுமில்லை.

பொய் சொன்னதற்கு மன்னியுங்கள். எஞ்சின் அறையில் காதுக்கு அடைப்பான் போடாமல் வேலை செய்யாதீர்கள்.

உங்கள் மனைவி


மருத்துவமனை
வெள்ளிக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

திங்கட்கிழமை உங்கள் பதிலைத் தம்பி அச்செடுத்துக் கொண்டுவந்தார். நான் படிப்பதற்குள் அவரே வார்டு முழுக்கக் கேட்கும்படி வாசித்துவிட்டார். திட்டுவீர்கள் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் என் கடிதத்தைப் படித்துக் காட்டினீர்களாம். சமையல்காரர் கரண்டியைச் சுழற்றி நடித்துக் காட்டினாராம். கேப்டன் கைகுலுக்கினாராம். என் படத்தை எஞ்சின் அறையில் ஒட்டி, "என் பொண்டாட்டி சிங்கம்" என்று எழுதி வைத்திருக்கிறீர்களாம். பக்கத்துப் படுக்கை அம்மா கை தட்டினார். நர்ஸ் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தப் படத்தைக் கழற்றிவிடுங்கள். இந்தக் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டாதீர்கள்.

போன கடிதத்தில் ஒரு வரி பொய். அவன் எழுந்து வரவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீங்கள் கப்பலில் எங்கேயாவது தனியாக உட்கார்ந்து படியுங்கள். ஹெல்மெட்டால் என்னை அடித்தான், மறுபடி ஓங்கினான், நான் சங்கிலியை வீசினேன். அதெல்லாம் உண்மை. முட்டியில் பட்டதும் உண்மை. பீங்கான் தட்டு உடைகிற மாதிரிச் சத்தம் கேட்டது. அவன் விழுந்தான். அவன் கத்தின கத்தலில்தான் டிரைவர் திரும்பிப் பார்த்தான். நான் ரத்தம் ஒழுகச் சங்கிலியோடு நிற்பதைப் பார்த்தான். வண்டியில் ஏறினான், போய்விட்டான். கூட வந்தவனை ஒரு முறை கூப்பிடக்கூட இல்லை. பிக்கப் கிளம்பிப் போய், சாலையில் சின்னப் புள்ளியாகிற வரைக்கும் நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவ்வளவு நேரம் இருந்தது எனக்கு. ஆபத்து முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவன் ஹெல்மெட்டை விட்டுவிட்டு முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடந்தான்.

அவன் என்னைப் பார்த்து, "அக்கா, போதும்க்கா, விட்டுடுங்கக்கா" என்றான்.

அதற்கு அப்புறம்தான் நான் அடித்தேன். ஒன்று இல்லை, இரண்டு இல்லை. ஐந்து. முதல் அடிக்குக் கையைத் தூக்கி முகத்தை மறைத்தான். விரல்கள் போயின. இரண்டாவது எங்கே விழுந்தது என்று நினைவில்லை. மூன்றாவது முகத்தில். டீச்சர் சாலையோரம் விழுந்து கிடந்தபடியே, "நிறுத்து, நிறுத்துடி, செத்துடுவான்" என்று கத்தினார். குண்டூசி வண்டிக்கு அடியிலிருந்து, "அடிங்கக்கா, விடாதீங்க" என்று கத்தினாள். இரண்டு குரலும் என் காதில் தெளிவாக விழுந்தன. கோபத்தில் கண் மறைத்துவிட்டது என்று சொல்லலாம். வக்கீல் அப்படித்தான் சொல்லச் சொன்னார். கண் எல்லாம் மறைக்கவில்லை. நன்றாகத் தெரிந்தது. அவன் சட்டையில் மேல்பொத்தான் இல்லாதது தெரிந்தது, டீக்கறை தெரிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. இந்த வார்த்தையை எழுத மூன்று நாளாக முயற்சி செய்கிறேன். ஒவ்வொரு அடிக்கும் கை லேசாகிக்கொண்டே போனது. டீச்சர் ஒற்றைக் கையால் ஊர்ந்து வந்து என் காலைப் பிடித்து இழுத்தார். அப்போதுதான் நின்றேன்.

பதினாறு வருடமாக லேபில் ரத்தம் எடுக்கிறேன். ஒரு நாளைக்கு அறுபது கை. "லேசாத்தான் குத்தும், அந்தப் பக்கம் பாருங்க" என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பேரின் பயத்தைத் தெளிய வைத்திருக்கிறேன். அதே கைதான். சங்கிலியைக் கீழே போட்டதும் அதே கை தானாகப் போய் அவன் கழுத்தில் நாடி பார்த்தது. இருந்தது. ரத்தம் தொண்டைக்குள் போகாமல் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். நான் அப்படிச் செய்ததால்தான் பிழைத்தான் என்று டாக்டர் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார்.

அவன் இதே மருத்துவமனையில், கீழ்த்தளத்தில் இருக்கிறான். வலது கண் போய்விட்டது. மண்டைக்குள் ரத்தம் கட்டித் திறந்து எடுத்திருக்கிறார்கள். இடது கையும் காலும் அசையவில்லை. பேச்சு இல்லை. கல் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவனாம்.

இந்தச் செவ்வாய்க்கிழமை பார்வையாளர் நேரத்தில் ஒரு பெண் என் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு பிளாஸ்க். யாரையோ பார்க்க வந்து வார்டு மாறிவிட்டாள் என்று நினைத்தேன். நான்தான் அவனுடைய அக்கா என்றாள். தலைமாட்டில் இருந்த மணியை அடிக்கக் கை நீட்டினேன். "பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

வண்டி ஓட்டியவன் அவளுடைய கணவன். மச்சானைச் சாலையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தானாம். தம்பி எங்கே என்று கேட்டதற்கு வருவான் என்றானாம். விஷயம் தெரிந்ததும் அவன் யார் வீட்டில் ஒளிந்திருக்கிறான் என்று போலீசுக்குப் போய்ச் சொன்னதே இவள்தானாம். "புருஷன நானே புடிச்சுக் குடுத்தேன். இப்ப ரெண்டு குடும்பமும் என்னோட பேசுறதில்ல" என்றாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

பிறகு, என் தம்பி உங்களை அடித்தானா, நிஜமாகவா என்று கேட்டாள். தலையாட்டினேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். அவன் செய்தது தப்பு என்றாள், நான் வளர்த்த பிள்ளை என்றாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. பிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திருகித் திறந்து மூடிக்கொண்டே, "முட்டி தூள் தூளாயிடுச்சுன்னு டாக்டர் சொல்றாரு. ஒரு அடிகூட எடுத்து வச்சிருக்க முடியாதுன்னு சொல்றாரு. நீங்க எழுதிக் குடுத்ததுல எந்திரிச்சு வந்தான்னு இருக்கு. எப்படிங்க எந்திரிச்சு வந்தான்?" என்று கேட்டாள்.

சண்டை போடும் குரலில் கேட்கவில்லை. தெரியாமல் கேட்கிற குரலில் கேட்டாள்.

தலைமாட்டில் சிலேட்டும் பலப்பமும் இருந்தன. நான் எல்லோரிடமும் அதில் எழுதித்தான் பேசுகிறேன் என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். நான் வாயைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன். பேச முடியாது என்று. அவள் சிலேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சரி என்று எழுந்து போய்விட்டாள்.

அவன் என்னை ஹெல்மெட்டால் அடித்தான். நான் அவளை அதைவிட மோசமாக அடித்துவிட்டேன் என்று தோன்றுகிறது.

புதிதாக ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். வக்கீலிடம் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். உங்களுக்குப் பைத்தியமா, கொலை முயற்சி என்று போடுவார்கள், ஜெயிலுக்குப் போவீர்கள் என்றார். இனி இந்தப் பக்கம் வர மாட்டேன் என்று போய்விட்டார். டீச்சர், "நீ உண்மையைச் சொன்னா நான் பொய் சொன்னதா ஆயிடுமேடி, முப்பது வருஷமா ரூல்ஸ் சொல்லிக் குடுத்துட்டு" என்றார். குண்டூசிதான் பொறுக்க மாட்டாமல் கத்திவிட்டாள். "என் கால் போச்சு. என்னைக் குப்பை மாதிரி உதைச்சானுங்க. அவனுக்காக நீங்க எதுக்குக்கா அழறீங்க? எனக்காகத்தானே அடிச்சீங்க? இப்ப அதையும் வாபஸ் வாங்கறீங்களா?" என்றாள். அவனுக்காக நான் அழவில்லை. அவனை மன்னிக்கவும் இல்லை. அவன் போதும் என்று கெஞ்சின பிறகு நான் அடித்தேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

உங்களிடம் அனுமதி கேட்டு எழுதவில்லை. ஆனால் ஊரில் யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது. திங்கட்கிழமை கொடுக்கிறேன்.

மகள் கணக்குத் தேர்வு நன்றாக எழுதியிருக்கிறாள். உங்கள் பதில் வரும் வரைக்கும் அவளிடம் இதைச் சொல்ல மாட்டேன்.

உங்கள் மனைவி


வீடு
புதன்கிழமை மதியம்

அன்புள்ள உங்களுக்கு,

போன கடிதம் எழுதி முப்பத்து மூன்று நாளாகிறது, உங்களிடமிருந்து இன்னும் பதில் இல்லை. கப்பல் நடுவில் ஒரு துறைமுகத்தில் நின்றது என்றும் கடிதம் உங்கள் கையில் கொடுக்கப்பட்டது என்றும் கம்பெனி அலுவலகத்தில் சொன்னார்கள். தம்பி இப்போதெல்லாம் வாசலோடு விசாரித்துவிட்டுப் போய்விடுகிறார்.

திங்கட்கிழமை நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் இரண்டு முறை படித்தார். "இத நீங்க குடுக்கலன்னா எங்களுக்குத் தெரியவே போறதில்லையேம்மா" என்றார். சிலேட்டில், எனக்குத் தெரியுமே என்று எழுதினேன். டிரைவர்மேல் ஒரு வழக்கு, என்மேல் ஒரு வழக்கு. ஜாமீனில் வந்திருக்கிறேன். நீதிமன்றம் அடுத்த மாதம். இரண்டு வருடமோ, ஐந்து வருடமோ, ஒன்றும் இல்லாமலோ போகலாம் என்கிறார் புது வக்கீல். வழக்கு முடியும் வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்று லேபில் சொல்லிவிட்டார்கள். வருகிறவர்கள் என்னிடம் கையை நீட்ட யோசிப்பார்களாம். அவர்கள்மேல் தப்பு சொல்ல மாட்டேன்.

டீச்சரும் தன் வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டார். தோளில் கட்டோடு வந்து, இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். குண்டூசி மாற்றவில்லை. அவன் எழுந்து வந்தான், நான் பார்த்தேன் என்றே இன்னமும் சொல்கிறாள். என் வீட்டுப் பக்கம் வருவதில்லை. அவள் கடையில் வேறு ஒரு பெண் மெஷின் மிதிக்கிறாள். இவள் பக்கத்தில் உட்கார்ந்து துணி வெட்டிக் கொடுக்கிறாள். போன வாரம் அவள் கடை வாசலில் நின்றேன். கத்தரிக்கோலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவளுடைய கோபம் நியாயம். அதுவும் நியாயம்தான், நான் எழுதிக் கொடுத்ததும் நியாயம்தான். இரண்டையும் எந்தச் சாக்கில் போட்டுக் கட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மருத்துவமனையிலிருந்து கிளம்பின அன்றைக்குக் கீழ்த்தளத்துக்குப் போனேன். அவன் அக்கா அவனுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள், தையல் போட்ட இடத்தை விட்டுவிட்டு. என்னைப் பார்த்ததும் அவனுடைய மீதமிருந்த ஒரு கண் பெரிதாகியது. கட்டிலில் பின்னால் நகரப் பார்த்தான். நகர முடியவில்லை. அந்தப் பயத்தை நான் நேராகப் பார்த்தேன். சிலேட்டில் இரண்டு வரி எழுதி அவன் அக்காவிடம் கொடுத்தேன். "எந்திரிச்சு வரல. போதும்னு சொன்னான், நான்தான் நிறுத்தல." அவள் படித்தாள். பிறகு சேலைத் தலைப்பால் சிலேட்டைச் சுத்தமாகத் துடைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "போயிட்டு வாங்க" என்று சொல்லவில்லை. "போங்க" என்றாள்.

மகளிடம் நானே சிலேட்டில் எழுதிச் சொல்லிவிட்டேன். உங்கள் பதிலுக்காகக் காத்திருக்க முடியவில்லை, பள்ளிக்கூடத்தில் யாரோ அவளிடம் கேட்டுவிட்டார்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டு, "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். "அப்பா என்ன சொன்னார்?" என்றாள். கப்பல் தூரத்தில் இருக்கிறது என்றேன்.

நேற்றுக் கம்பியை எடுத்துவிட்டார்கள். வாய் ஒரு விரல் அகலம்தான் திறக்கிறது, ஆனால் பேச்சு வந்துவிட்டது. புது ஃபோனும் வந்துவிட்டது. உங்கள் எண்ணை எடுத்து எடுத்து வைத்துவிடுகிறேன். நீங்கள் எடுத்தால் உங்கள் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாமல் அழுத்தப் பயமாக இருக்கிறது.

திட்ட வேண்டுமானால் திட்டி எழுதுங்கள். ஒரு வரி போதும். எனக்கு எழுதப் பிடிக்கவில்லை என்றால் மகளுக்கு எழுதுங்கள். அவள் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதலில் தபால் பெட்டியைத்தான் திறந்து பார்க்கிறாள்.

இந்த மாதம் அந்தப் பக்கம் கடல் கொந்தளிப்பாக இருக்கும் என்று செய்தியில் சொன்னார்கள். காற்று அடிக்கிற நாளில் மேல்தளத்துக்குப் போகாதீர்கள். ஏணியில் இறங்கும்போது இரண்டு கையாலும் பிடித்து இறங்குங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் ஒரு கீறல்கூட இல்லாமல் கரை இறங்க வேண்டும். இறங்கி நேராக இந்த வீட்டுக்குத்தான் வர வேண்டும் என்று கேட்கிற தைரியம் எனக்கு இன்று இல்லை. எங்கே வந்தாலும், நல்லபடியாக வந்து சேருங்கள்.

உங்கள் மனைவி